பெரிய டிவி வீட்டுக்கு வந்த பிறகு: எது பழுது, எது அமைப்பு என்று பிரித்தறியும் முறை

எங்கள் வீட்டில் 43 அங்குல டிவி இருந்த இடத்துக்கு 65 அங்குல 4கே டிவி வந்த முதல் மாதத்தில், அதில் கண்ட குறைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முகங்கள் நீலம் பாய்ந்து தெரிகின்றன, செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகள் பாதியில் வெட்டுப்படுகின்றன, பழைய திரைப்படங்கள் எல்லாம் நாடகத் தொடர்போல வழவழவென்று ஓடுகின்றன, இருட்டுக் காட்சிகளில் ஒன்றும் தெரியவில்லை, இடையிடையே ஒரு விநாடி திரை கறுத்துத் திரும்புகிறது, வசனம் புரியவில்லை, கழுத்து வலிக்கிறது, சில சேனல்கள் பழைய டிவியில் தெரிந்த அளவுக்குக்கூடத் தெளிவாக இல்லை, இடது மேல்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி ஓயாமல் எரிகிறது. மொத்தம் ஒன்பது. நான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால், கடைசியாக எழுதியதைத் தவிர மற்ற எட்டும் டிவியின் பழுதே அல்ல என்று தெரிகிறது. மாட்டிய இடம், உட்காரும் தூரம், மெனுவில் ஒளிந்திருக்கும் அமைப்பு, இடையில் செருகிய கேபிள் ஆகியவற்றின் கோளாறுகள் அவை. உண்மையான பழுதான அந்த ஒன்பதாவதை மட்டும் நான் காலங்கடந்து கவனித்தேன். ஆகவே எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

அளவும் தூரமும்

65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை எடுத்த அளவு. 16க்கு 9 விகிதத்தில் அந்தத் திரை ஏறத்தாழ 144 செ.மீ. அகலமும் 81 செ.மீ. உயரமும் கொண்டது. 55 அங்குலமானால் 122க்கு 68 செ.மீ.; 75 அங்குலமானால் 166க்கு 93 செ.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் 43இலிருந்து 65க்குப் போவது ஒன்றரை மடங்குபோலத் தோன்றும். பரப்பில் அது இரண்டே கால் மடங்கு. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, பழைய செய்தித்தாள்களை ஒட்டி அதே அளவில் வெட்டிச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வைப்பது மேல். அலமாரிக் கதவு திறக்குமா, சன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது, வீட்டில் எல்லோரும் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளே சொல்லிவிடும்.

உட்காரும் தூரத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மூலைவிட்ட அளவின் 1.2 மடங்கிலிருந்து 1.6 மடங்கு வரையிலான தொலைவில் அமர்ந்தால், திரை நம் பார்வையில் ஏறத்தாழ 40 பாகையிலிருந்து 30 பாகை வரை நிரப்பும். 65 அங்குலத்துக்கு இது 2 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் வரை. சினிமா பார்ப்பதே முக்கியம் என்பவர்கள் நெருங்கியும், செய்தியும் தொடர்களும் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்பவர்கள் தள்ளியும் அமரலாம்.

4கே என்ற பெயருக்காகக் காசு கொடுத்தவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். நல்ல கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவுகோல். 65 அங்குலத் திரையில் முழு ஹெச்டி (1920க்கு 1080 புள்ளிகள்) படத்தின் ஒரு புள்ளி 0.75 மி.மீ. அகலம் உடையது, ஏறத்தாழ 2.6 மீட்டருக்கு அப்பால் சென்றால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். அதற்கும் அப்பால், 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, 4கே படத்துக்கும் முழு ஹெச்டி படத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அந்தத் தூரத்தில் நிறமும் கறுப்பின் ஆழமும்தான் கண்ணில் படும். டிவி தேர்ந்தெடுக்கும்போது அவற்றையே பார்க்க வேண்டும்.

இதன் மறுபுறம்தான் என் நோட்டில் இருந்த “சில சேனல்கள் தெளிவாக இல்லை” என்ற புகார். பழைய தரத்தில் ஒளிபரப்பாகும் சேனல் 720க்கு 576 புள்ளிகளைத்தான் அனுப்புகிறது. 4கே திரையிலோ 3840க்கு 2160 புள்ளிகள் உள்ளன. அதாவது வந்து சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி தானாக ஊகித்து 20 புள்ளிகளை நிரப்ப வேண்டியிருக்கிறது. சிறிய திரை மறைத்து வந்ததைப் பெரிய திரை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதே சேனலின் ஹெச்டி பதிப்பு வேறு எண்ணில் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். செட்-டாப் பாக்ஸ் இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வயரில் இணைந்திருந்தால் அதை ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். பாக்ஸின் மெனுவில் வெளியீட்டு அளவு 1080 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மங்கலாகத் தெரிந்தால், அந்த ஒளிபரப்பின் தரமே அவ்வளவுதான்.

மாட்டும் உயரம்

பெரும்பாலான வீடுகளில் டிவி தேவைக்கு மேல் உயரத்தில்தான் இருக்கிறது. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சுவரில் மாட்ட வந்தவர் நின்றபடி கண்மட்டத்தில் அளவு எடுத்தார். நானும் நின்றபடியே தலையாட்டினேன். பார்ப்பது என்னவோ உட்கார்ந்துதானே! சோபாவில் அமரும்போது கண்ணின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 100 முதல் 110 செ.மீ. இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். 65 அங்குலத் திரையின் உயரத்தில் பாதி 40 செ.மீ. என்பதால், கீழ்விளிம்பு தரையிலிருந்து 60, 65 செ.மீ. அளவில் அமையும். கேட்கும்போது மிகத் தாழ்வு என்று தோன்றும். கழுத்து வலி போனது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

சுவரில் மாட்டுவதானால், டிவியின் பின்புறத்திலுள்ள நான்கு துளைகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து அதற்குரிய வீசா (டிவி தாங்கிகளுக்கான பொதுத் தரநிலை) அளவுத் தாங்கியை வாங்க வேண்டும். 300க்கு 300, 400க்கு 400 போன்றவை இந்த அளவு டிவிகளில் பரவலாகக் காணப்படுபவை. கையேட்டில் சொன்ன திருகின் நீளத்தை மீறக் கூடாது. நீளமான திருகு உள்ளே போய் பேனலின் (படத்தை உருவாக்கும் திரைப்பகுதியின்) பின்புறத்தைக் குத்தினால், அந்தச் சேதத்துக்கு வாரன்டி கிடைக்காது. 65 அங்குல எல்சிடி டிவி (பின்னாலிருந்து விளக்கொளி பெறும் வகை) ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடை கொண்டது. செங்கல் சுவர் தாங்கும், உள்ளே வெற்றிடமுள்ள பலகைச் சுவரானால் அதன் சட்டக்கட்டையில் திருகினால்தான் நிற்கும். மேசைமேல் வைப்பவர்கள் இரண்டு கால்களுக்கிடையே உள்ள தூரத்தை வாங்குமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாதிரிகளில் கால்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், ஒரு மீட்டர் மேசை போதாமல் போய்விடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மேசைமேல் நிற்கும் டிவியை ஒரு பட்டையால் சுவரோடு பிணைத்து வைப்பது கட்டாயம். டிவி கவிழ்ந்து விழுந்தால் முதலில் அடிபடுவது அதைப் பிடித்து எழ முயலும் குழந்தைதான்.

திரைக்கு நேரெதிரே சன்னல் இருந்தால் எந்த அமைப்பாலும் அந்தப் பிரதிபலிப்பைப் போக்க முடியாது. திரைச்சீலை போடுங்கள், அல்லது சுவரை மாற்றுங்கள்.

பெட்டி பிரித்த முதல் வாரம்

நான் பிழை செய்தது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெட்டி வந்ததும் அதை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்துத் தூக்கினால் கண்ணாடி தன் எடையாலேயே வளைந்து விரிசல் விடக்கூடும். பிரிப்பதற்கு முன் பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். தூக்கும்போது இரண்டு பேர் அடிவிளிம்பையும் பக்கவாட்டையும் பிடிக்க வேண்டும். விரல்கள் திரைமேல் அழுந்தக் கூடாது. குளிர்ந்த இடத்திலிருந்து வந்த டிவியானால் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஓரிரு மணி நேரம் காத்திருந்து மின்சாரம் கொடுப்பது நல்லது, உள்ளே ஈரம் படிந்திருக்கலாம். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும்வரை எறியாதீர்கள்.

அன்று இரவே விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையைச் சோதியுங்கள். ஒரு பென் டிரைவில் முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, இளஞ்சாம்பல், அடர்சாம்பல் ஆகிய ஏழு வெற்றுப் படங்களைப் போட்டு ஒவ்வொன்றாகத் திரை முழுதும் காட்டினால் போதும். வெள்ளைப் படத்தில் கறுப்பாக நிற்கும் புள்ளி செத்த புள்ளி. கறுப்புப் படத்தில் ஏதோ ஒரு நிறத்தில் எரிவது ஒட்டிக்கொண்ட புள்ளி. எல்சிடி டிவியில் கறுப்புப் படத்தைப் பார்க்கும்போது மூலைகளில் டார்ச் அடித்தாற்போல் வெளிச்சம் கசிகிறதா என்று கவனியுங்கள். லேசான மேகம்போல் இருந்தால் எல்சிடியில் அது இயல்பு. கண்ணை உறுத்தினால் இயல்பல்ல. சாம்பல் படத்தில் செங்குத்துப் பட்டைகளோ அழுக்குத் திட்டுகளோ தெரியலாம். கால்பந்து மைதானத்தின் மேல் கேமரா நகரும்போது புல்வெளியோடு நகராமல் திரையிலேயே நிற்கும் கறை இந்த வகைதான். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைக் காணாமலிருக்க முடியாது. ஆகவே சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியாத ஒன்றைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்காதீர்கள் என்றும் சொல்வேன். வாங்கிய பொருளை ரசிக்க முடியாமல் போவதும் ஒரு நஷ்டம்தான்.

என் டிவியின் சிவப்புப் புள்ளியை நான் பார்த்தது மூன்றாவது வாரத்தில், ஒரு படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது. கடையில் மாற்றித் தரும் காலம் முடிந்திருந்தது. சேவை மையத்திலிருந்து வந்தவர் மரியாதையாகவே பேசினார்: “ஒரு புள்ளிக்கெல்லாம் பேனல் மாத்த மாட்டாங்க சார், எத்தனை புள்ளி போனா மாத்தலாம்னு ஒரு கணக்கு இருக்கு.” அவர் சொன்னது உண்மை. திரைகளில் எத்தனை புள்ளிப் பழுதுகளை ஏற்கலாம் என்பதைத் தரவகை வாரியாகச் சொல்லும் ஐஎஸ்ஓ 9241-307 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. நிறுவனங்கள் தத்தம் எல்லையைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. கடையின் மாற்றித் தரும் விதி வேறு, நிறுவனத்தின் வாரன்டி விதி வேறு. ஒற்றைப் புள்ளிக்கு முன்னது கைகொடுக்கலாம், பின்னது பெரும்பாலும் கைகொடுக்காது. முன்னதன் காலமோ சில நாள்கள்தான்.

படத்தின் அமைப்புகள்

டிவியை முதலில் இயக்கும்போது வீடா கடையா என்று கேட்கும். அவசரத்தில் கடை என்று அழுத்திவிட்டால், நாம் எதை மாற்றினாலும் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பழுது என்று எண்ணி அழைப்பவர்களில் சிலருடைய சிக்கல் இதுதான். வீடு என்று தேர்ந்தெடுத்த பிறகும், விவிட் என்ற பளிச்சென்ற முறையில் இருந்தால் வெள்ளை நீலமாகவும் தோல் இயல்பற்றும் தெரியும். கடையின் கடும் வெளிச்சத்தில் பக்கத்து டிவியை வெல்வதற்கான முறை அது. படம் எடுப்பவர்கள் பார்க்கும் திரையில் வெள்ளை என்பது 6500 கெல்வின் அளவில் வைக்கப்படுகிறது. அதற்கு மிக அருகில் வருவது சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் போன்ற பெயரிலுள்ள முறைகளும், நிறவெப்பத்தில் வார்ம் என்ற தேர்வும்தான். மாற்றியவுடன் திரை மஞ்சளடித்ததுபோல இருக்கும். ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு பழைய முறைக்குத் திரும்பிப் பார்த்தால் அதுதான் குழல்விளக்குபோல நீலமாகத் தெரியும்.

பிரகாசம் என்ற பெயரில் பல டிவிகளில் இரண்டு வேறு அமைப்புகள் இருக்கின்றன. பேக்லைட் அல்லது திரை ஒளி என்பது மொத்த வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். அறைக்கு ஏற்றாற்போல் அதை மாற்றலாம். பிரைட்னஸ் அல்லது கறுப்பு நிலை என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. அதை உயர்த்தினால் இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்துவிடும், தாழ்த்தினால் கறுப்புச் சட்டையின் மடிப்புகள் மறைந்துவிடும். ஷார்ப்னஸைக் கூட்டினால் தெளிவு கூடாது, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும். எழுத்தின் ஓரத்தைப் பார்த்தபடியே அந்தக் கோடு மறையும்வரை குறைத்துக்கொண்டு வாருங்கள்.

அடியில் ஓடும் எழுத்துகள் வெட்டுப்பட்டதற்குக் காரணம், பழைய குழாய் டிவிகளின் காலத்திலிருந்து வரும் ஒரு பழக்கம். அந்தத் திரைகளின் விளிம்பில் படம் ஒழுங்காக நிற்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். தேவை போன பிறகும் பழக்கம் போகவில்லை. படத்தின் அளவு அல்லது விகிதம் என்ற மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், டாட் பை டாட், ஒன்றுக்கு ஒன்று என ஏதோ ஒரு பெயரில் இதற்கான தேர்வு இருக்கும். அதை இயக்கினால் முழுப் படமும் தெரியும். புள்ளிகள் இழுபடாததால் படம் கொஞ்சம் கூர்மையாகவும் ஆகும்.

பழைய படங்கள் நாடகத் தொடர்போல ஓடுவதைப் பற்றி வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, மகனுக்குப் பிடித்திருந்தது. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுகிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 24ஐச் சமமாகப் பங்கிட முடியாததால், ஒரு சட்டத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுவார்கள். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் தெரியும் அதிர்வு இதனால் வருவது. இதைப் போக்குவதாகச் சொல்லி, இரண்டு சட்டங்களுக்கிடையே இல்லாத சட்டங்களை டிவியே கற்பனை செய்து நுழைக்கும்போதுதான் அந்த வழவழப்பு வருகிறது. வேகமாக வீசும் கையைச் சுற்றிக் காற்று உருகுவதுபோல் தெரிந்தால், அது அந்தக் கற்பனை தவறிய இடம். மோஷன் என்ற சொல் இடம்பெறும் அமைப்பைத் தேடி அணையுங்கள். விளையாட்டுப் போட்டிகளுக்குக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. திரைப்பட இயக்குநர்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியதன் பயனாக, யுஹெச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2019இல் ஃபிலிம்மேக்கர் முறையை அறிவித்தது. அதில் இந்த வழவழப்பு உட்படச் செயற்கைத் திருத்தங்கள் பலவும் தாமாகவே அணைந்துவிடும். நாங்கள் செட்-டாப் பாக்ஸ் இணைந்த முனைக்கு ஓர் அமைப்பும் ஆப்களுக்கு வேறோர் அமைப்புமாக வைத்துச் சமாதானமானோம். பல டிவிகள் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இருட்டுக் காட்சியும் கறுத்துப்போகும் திரையும்

ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) படம் இருட்டாக இருப்பதற்கு மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலாவது, மின்சேமிப்பு முறை அல்லது அறையின் வெளிச்சத்தை அளக்கும் உணரி இயங்கிக்கொண்டிருப்பது. அதை அணைத்தவுடன் பலருடைய குறை தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது, வெளிப் பெட்டியிலிருந்து படம் வருகிறது என்றால், அந்த ஹெச்டிஎம்ஐ முனைக்கு மேம்பட்ட சிக்னல் என்ற பொருள்படும் அனுமதியை டிவியின் மெனுவில் தனியாகக் கொடுக்காமல் விட்டிருப்பது. மூன்றாவது, டிவியின் திறனே போதாமலிருப்பது. ஹெச்டிஆர் படங்கள் பல 1000 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சத்தைக் கணக்கில் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. 300, 400 நிட் மட்டும் தரும் திரை அவற்றைச் சுருக்கித்தான் காட்ட முடியும். இப்படிப்பட்ட டிவியில் பகல் வெளிச்சத்தில் ஹெச்டிஆர் படம் பார்ப்பதைவிட, அதே படத்தை வழக்கமான எஸ்டிஆரில் பார்ப்பதே கண்ணுக்கு இதம் என்பது என் எண்ணம். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் ஹெச்டிஆர் முத்திரை, அந்தச் சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் என்பதற்கு மட்டுமே சாட்சி.

ஒரு விநாடி கறுத்துத் திரும்புவதும், திரையில் மின்மினிபோலப் புள்ளிகள் தெறிப்பதும் பெரும்பாலும் கேபிளின் வேலை. 60 சட்டங்களுடன் கூடிய 4கே ஹெச்டிஆர் படத்துக்கு விநாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும்; புதிய விளையாட்டுக் கருவிகள் 120 சட்டங்களுக்குப் போவதால் அவற்றுக்கு 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட் வகை வேண்டும். சோதிக்கும் முறை எளிது: பாக்ஸின் வெளியீட்டை 1080க்குக் குறைத்துவிட்டு ஒரு மாலை முழுதும் பாருங்கள். கறுப்பு வராமல் ஓடினால் கேபிளை மாற்றுங்கள். நான் இதைச் செய்யாமல் இரண்டு முறை சேவை மையத்தை அழைத்தேன். இரண்டு முறையும் அவர்கள் வந்த நேரத்தில் டிவி சமர்த்தாக ஓடியது. சுவருக்குள் புதைப்பதற்காக வாங்கிய நீளமான மலிவுக் கேபிள்தான் குற்றவாளி. 5 மீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் ஒளியிழை ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பாருங்கள், அதையும் புதைக்கும் முன் சோதித்துவிடுங்கள். விலை உயர்ந்த கேபிள் நிறத்தைக் கூட்டும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். டிஜிட்டல் சிக்னல் முழுமையாக வந்து சேரும், இல்லையேல் இப்படி உடைந்துபோகும்.

ஆப்களில் படம் சுற்றிக்கொண்டே நின்றால் இணையத்தைப் பாருங்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் விநாடிக்கு 15 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. டிவிகளின் லேன் முனை பெரும்பாலும் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும் என்றாலும் இந்தத் தேவைக்கு அது தாராளம்.

வசனம் புரியாதபோது

டிவி மெலிந்துகொண்டே போவதால் ஒலிபெருக்கிகளுக்கு முன்பக்கம் இடமில்லை. அவை தரையையோ பின்சுவரையோ பார்த்துப் பேசுகின்றன. மேலும் ஆப்களில் வரும் படங்கள் பல 5.1 ஒலியுடன் (ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு தாழ்சுருதிப் பெட்டிக்கும் பிரித்த ஒலி) வருகின்றன. அதில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கிக்கென்று தனியாக அமைந்திருக்கும். அதை டிவியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளில் பிசைந்து தரும்போது, வெடிச்சத்தம் மேலே வந்து பேச்சு அடியில் போய்விடும். செலவில்லாத வழி, ஆப்பின் ஒலித் தேர்வில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதும், டிவியில் பேச்சைத் தெளிவாக்கும் முறையை இயக்குவதும்தான். சவுண்ட்பார் வாங்கினால் அதை டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஹெச்டிஎம்ஐ முனையில்தான் செருக வேண்டும், மற்ற முனைகளில் செருகினால் டிவியின் ஒலி வராது. உதடு முந்தியோ பிந்தியோ அசைந்தால் ஒலித் தாமதம் என்ற அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள்.

ஆண்டுகள் போகும்போது

துடைப்பதற்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கறை போகாவிட்டால், டிவியை அணைத்து ஆறவிட்டு, துணியில் சில துளி காய்ச்சி வடித்த நீரைத் தொட்டுத் துடைக்கலாம். நீரைத் திரைமேல் நேரே தெளித்தால் அது வழிந்து அடிச்சட்டத்துக்குள் இறங்கி, அங்குள்ள நுண்ணிய இணைப்புகளை அரித்துவிடும். கண்ணாடி துடைக்கும் திரவங்களிலுள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் திரையின் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சைக் கெடுக்கும்.

மின்னழுத்தம் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று பின்புறத்தில் அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவைப்படாது. திடீரென்று பாயும் மின்னெழுச்சிதான் எமன். அதற்குச் சர்ஜ் புரொடெக்டர் வைக்க வேண்டும். இடி மின்னலின்போது மின்பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டிஷ் கேபிளையும் லேன் வயரையும் அப்படியே விட்டால் பயனில்லை. மின்னல் அவற்றின் வழியாகவும் வரும்.

ஓலெட் டிவி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறான ஒரு தவறைச் செய்கிறார்கள். ஒவ்வோர் இரவும் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்கள். ஓலெட் திரை பல மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்திருக்கும் நேரத்தில்தான் தன் புள்ளிகளின் தேய்மானத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். அதற்கு மின்சாரம் இருக்க வேண்டும். ஒரே சேனலின் சின்னம் நாள்முழுதும் ஒரே மூலையில் நின்றால் அதன் தடம் நிலைத்துவிடும் என்ற அச்சம் ஓலெட்டில் நியாயமானது; வீட்டில் செய்திச் சேனல் காலை முதல் இரவுவரை ஓடுமானால் எல்சிடியே பொருத்தம்.

சில ஆண்டுகளில் ஆப்கள் மந்தமாகும். அதற்காக டிவியை மாற்ற வேண்டாம். ஒரு சிறிய ஸ்ட்ரீமிங் கருவியைச் செருகினால் போதும். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை அடையாளங்கண்டு அனுப்பும் வசதி தனியுரிமை மெனுவில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

நான்காம் ஆண்டில் எங்கள் டிவியில் உண்மையான பழுது வந்தது. ஒரு மாலை ஒலி மட்டும் கேட்டது, திரை முழுக் கறுப்பு. வந்து பார்த்த முதல் மெக்கானிக், பேனல் போய்விட்டது, மாற்றுவதற்குப் புதிய டிவியே வாங்கலாம் என்றார். இப்படிச் சொல்லக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ளாமல், அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எங்கள் திரையில் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் மங்கலாக, ஆனால் தெளிவான உருவத்துடன், செய்தி வாசிப்பவரின் தோள் அசைவது தெரிந்தது. பேனல் படத்தை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் வரவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். எல்சிடி டிவியின் பின்னால் எல்இடி விளக்குகள் பட்டைகளாகத் தொடரிணைப்பில் இருப்பதால், ஒரு விளக்கு அறுந்தாலே ஒரு வரிசை முழுதும் அணையும்; மின்னோட்டம் ஒழுங்காக இல்லை என்று கண்டதும் சுற்று தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வெளிச்சத்தை எப்போதும் நூற்றுக்கு நூறு வைத்திருந்தால் வெப்பம் கூடி இந்த விளக்குகளின் ஆயுள் குறையும். நாங்கள் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் வைத்திருந்தோம். இரண்டாவதாக வந்தவர் டார்ச் சோதனையைப் பார்த்துவிட்டு, பட்டைகள் அனைத்தையும் ஒன்றாகவே மாற்றித் தந்தார்; அறுந்ததை மட்டும் மாற்றினால் அடுத்தது சில மாதங்களில் போகும் என்றார்.

டிவி திரும்பி வந்ததும் பேக்லைட்டை 60க்குக் குறைத்தேன். பேனலையும் மாற்றிவிட்டார்களோ என்று மனைவி கேட்டாள். கறுப்புப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இடது மேல்மூலையில் அந்தச் சிவப்புப் புள்ளி அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.